சிவப்புத் தொப்பிக்கு ஒரு ‘எஸ்’

அண்ணனுக்கு நான் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் அனுப்புவேன். அவனுக்கு ஆங்கிலம் வராது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அவனுடைய கேள்விகள் எல்லாம் குரல் செய்தியாக வரும். என் பதில் மட்டும் ஆங்கில எழுத்தில் போகவேண்டும். அது அவன் ஆசை. தொழிலாளர் கேம்ப்பில் அறைக்காரர்களிடம் போனை நீட்டி, “பாருங்கடா, எந்தங்கச்சி அடிச்சிருக்கு” என்று காட்டிக்கொள்வான். ஓகே, கமிங், ரீச்டு ரூம், எஸ். இதற்கு மேல் பெரிதாக நான் ஒன்றும் எழுதியதில்லை. அதற்கே அவர்கள் எனக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எனக்கும் அதில் பெருமைதான். ஏன் இருக்கக்கூடாது? எங்கள் வீட்டில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா, அம்மா, சித்தப்பாக்கள் எல்லோருக்கும் மை தொட்ட கட்டைவிரல்தான் கையெழுத்து. அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிடப் போகாத நாள்கள் அதிகம். நான் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டுதான் அமீரகத்தின் அல் ஐனுக்கு வந்தேன். ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அதே ஊருக்கு வெளியே, கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் இருந்தான்.

கிளினிக்கை ஒருநாள் மூடிவிட்டார்கள். விசா ரத்தானது. வேறு விசா கிடைக்கும்வரை நாட்டில் இருக்க அரசாங்கம் கொஞ்ச நாள் அவகாசம் தரும். அது கரையத் தொடங்கிய பிறகுதான் ஓர் ஏசி சாமான் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் வேலை, சொந்தமாக ஒரு மேசை. ஆனால் ஒரு நிபந்தனை. பட்டச் சான்றிதழில் அட்டஸ்டேஷன் இருக்கவேண்டும். ஊரில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒன்று, தூதரகத்தில் ஒன்று, கடைசியாக இங்கே ஒன்று; அலைந்து வாங்கித் தர ஏஜெண்டு உண்டு. அத்தனையும் விழுந்தால்தான் வளைகுடாவில் அது சான்றிதழ். விழாதவரை கெட்டித் தாள்.

கம்பெனியில் ஆள் எடுப்பவர் ஒரு மலையாளி. நல்ல மனிதர். “ஏஜெண்டுக்குப் பணம் அடச்ச ரசீது வெள்ளிக்கெழமைக்குள்ள காமிச்சா நான் வெயிட் செய்யாம். இல்லெங்கில் ஹெல்பர் விசாதான் தர முடியும்” என்றார்.

ஹெல்பர் என்றால் டீ போடவேண்டும், கண்ணாடி துடைக்கவேண்டும், ஃபைல் தூக்கவேண்டும். சம்பளமும் பாதி. “ஹெல்பர் விசா வேண்டாம் சார், ரசீதோடு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏஜெண்டு அவசரக் கட்டணம் கேட்டான். என் கையிலும் அண்ணன் கையிலும் இருந்ததைச் சேர்த்தால் அதில் பாதிதான் தேறியது. மீதிக்குக் கேட்கக்கூடிய இடங்களில் எல்லாம் அண்ணன் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தான்.

அப்போதுதான் அவன் அறைக்காரர் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், டிரேடிங் பேச்சை எடுத்தார். கேம்ப்பில் அதை யாரும் சூதாட்டம் என்று சொல்வதில்லை. சூதாட்டம் என்றால் இந்த நாட்டில் ஜெயில். டிரேடிங் என்றால் படித்தவர் செய்கிற காரியம் போல இருக்கிறது. ரூபாயையும் திர்ஹாமையும் தொடாமல், கிரிப்டோ டாலரை வாங்கி, உலகத்தில் நடக்கப்போகும் எதன்மேலும் கட்டலாம். அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில்.

“பேஸ்பால்னா என்னண்ணே?” என்று போனில் அவரைக் கேட்டேன்.

“நம்ம கிரிக்கெட்டுதான் தங்கச்சி. ஸ்டம்பு மட்டும் மாஃபி, கெடயாது.”

“உங்களுக்கு அதுல என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவன் எல்லாம் தோத்துக்கிட்டிருக்கான். நான் தொப்பி கலரப் பாத்துப் போடுறேன், அல்லா புண்ணியத்துல ஓடுது.”

அணிகளின் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் தொப்பி நிறம்தான் பெயர். அந்த வாரம் வந்தது சிவப்புத் தொப்பிக்கும் நீலத் தொப்பிக்கும் ஆட்டம். போனில் இருந்த டிரேடிங் செயலியில் கேள்வி ஒன்றுதான்: சிவப்புத் தொப்பி ஜெயிக்குமா? கீழே எஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள். எதை அதிகம் பேர் நம்புகிறார்களோ அதன் விலை ஏறும், மற்றது இறங்கும். ஆட்டம் முடிந்ததும் சரியான பொத்தானில் பங்கு வாங்கியவருக்குப் பங்கு ஒன்றுக்கு ஒரு முழு டாலர். தவறானதை வாங்கியவருக்கு ஒன்றுமே இல்லை. ஆட்டம் நடக்கும்போதே அப்போதைய விலைக்கு விற்றுவிட்டும் வெளியேறலாம்.

கூட்டம் சிவப்புப் பக்கம் இருந்தது. ஆகவே நோ பாதி டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. நோ வாங்கி, சிவப்பு தோற்றால், எங்கள் பணம் இரண்டு மடங்குக்கும் மேலாகும். ரசீது கைக்கு வந்துவிடும்.

நான் அதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்திருந்த பெட்ஸ்பேஸ் அறையில் என் திரையை இழுத்துவிட்டு, அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களை வரிவரியாக வாசித்தேன். ஆட்டம் ஒன்பது சுற்று. பந்து எறிபவன் சோர்ந்தால் மாற்று ஆள் வருவான். சிவப்புத் தொப்பியின் மாற்று ஆள்கள் எல்லோரும் முந்தைய இரண்டு ஆட்டங்களில் எறிந்து எறிந்து களைத்துப்போயிருந்தார்கள். முதலில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கடைசிச் சுற்றுகளில் தாங்கமாட்டார்கள். இதுதான் என் முடிவு. அண்ணனிடம் விளக்கிச் சொன்னேன். “நீ சொன்னா சரிதான் பாப்பா” என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சாயங்காலம் என்றால் எங்களுக்கு விடியற்காலை. வெயில் காலம், சைட் சீக்கிரமே தொடங்கிவிடும். ஆட்டத்துக்குச் சற்று முன் அண்ணனின் குரல் வந்தது. பின்னால் பஸ்ஸின் உறுமல், யாரோ “யல்லா, யல்லா” என்று விரட்டும் சத்தம்.

“பாப்பா, செவப்புத் தொப்பி ஜெயிக்க மாட்டானுங்கதானே? சட்டுனு சொல்லு, போனப் பொட்டில வைக்கச் சொல்றாங்க.”

ஆமாம், ஜெயிக்க மாட்டார்கள். தமிழில் அதற்கு வேறு என்ன பதில் இருக்கிறது? வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டினேன்: எஸ்.

பல் துலக்கிவிட்டு வந்தபோது அவனிடமிருந்து ஒரு படமும் ஒரு குரலும் வந்திருந்தன. குரல் சொன்னது, “போட்டாச்சு.” அவ்வளவு சந்தோஷமான குரல். படத்தைத் திறந்தேன். எங்கள் பணம் முழுவதையும் ஒரே பொத்தானில் போட்டிருந்தான். சிவப்புத் தொப்பி ஜெயிக்குமா? எஸ்.

சில விநாடிகள் எனக்குப் புரியவில்லை. பிறகு அவனுடைய கேள்வியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவனுக்கு நோ என்ற சொல்லின் அர்த்தம் தெரியும், எஸ் என்பதன் அர்த்தமும் தெரியும். முன்பு நான் விளக்கியபோது நோ வாங்கவேண்டும் என்றுதான் பேசினோம். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கும் அவசரத்தில் திரையில் இரண்டு சொற்கள் நின்றிருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தங்கச்சி எழுதி அனுப்பியிருக்கிறாள். பார்த்தான், அதேபோல் இருந்ததை அமுக்கினான். அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பார்கள். ஆங்கிலேயப் பெண்ணாகப் பிறந்தவள் அந்தக் கேள்விக்கு நோ என்று எழுதியிருப்பாள். நான் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினேன்.

போன் அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. சாரத்தில் ஏறுபவர்கள் போனைக் கீழே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும். மதிய இடைவேளையில்தான் பெட்டி திறக்கும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ராமநாதபுரத்து அண்ணனுக்கு அடித்தேன். அவர் போனும் அதே பெட்டியில். பணம் அண்ணன் போனுக்குள் இருக்கிறது. என் போனிலிருந்து அதை நான் தொடமுடியாது. பார்க்க மட்டும் முடியும்.

என் அறையில் குளச்சல் பக்கத்து அக்கா ஒருத்தி. நர்ஸ். நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“எட்டீ, என்னத்துக்கு இப்பிடி கெடந்து பதறுக? மொகத்துல ரத்தமே இல்ல.”

“அண்ணனப் பாக்கணுங்க்கா. இப்பவே. சைட்டுக்குப் போகணும்.”

“அண்ணனுக்கு என்னமும் ஆச்சா?”

“இல்ல. ஒண்ணும் ஆகல.”

என்னை ஒருமுறை பார்த்தாள். காரணம் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். “டாக்ஸில போ. பஸ்ஸுக்கு நின்னா நீ நடுரோட்டுல விழுந்துருவ. வந்து சொல்லு, என்ன.”

டாக்ஸியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். படம் கிடையாது, எண்களும் சின்னச் சின்ன வரிகளும்தான். சிவப்புத் தொப்பி அடித்துக்கொண்டிருந்தது. முதல் நான்கைந்து சுற்றில் நன்றாக முன்னால் போய்விட்டது. எஸ்ஸின் விலை ஏறிக்கொண்டே வந்தது. நாங்கள் வாங்கியதைவிட மேலே, இன்னும் மேலே. இரண்டு நாளாகத் தோற்கவேண்டும் என்று நான் வேண்டியவர்கள் ஜெயிக்கவேண்டும் என்று இப்போது வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த விலைக்கு விற்றால் போட்டதும் வரும், மேலே கொஞ்சமும் வரும். ஏஜெண்டிடம் காலில் விழுந்தாவது மீதிக்குத் தவணை கேட்கலாம்.

ஆனால் கடைசிச் சுற்றுகள் வந்தால் அவர்கள் விழுவார்கள். அது எனக்குத் தெரியும். உலகத்தில் அந்த நேரத்தில் அந்த டாக்ஸியில் எனக்கு மட்டும் தெரிந்ததுபோல் இருந்தது. படித்திருக்காவிட்டால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

சைட் கேட்டில் நேபாளி வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தான். “மேடம், அந்தர் மாஃபி.”

“பாயி, மேரா பாயி ஊப்பர் ஹை. ஜல்தி புலாவ்.” அண்ணன் மேலே இருக்கிறான், சீக்கிரம் கூப்பிடு. என் இந்தி அவ்வளவுதான்.

“ஃபோர்மேன் போலேகா தோ ஆயேகா. க்யா ஹுவா?”

ஃபோர்மேன் சொன்னால்தான் வருவானாம். என்ன ஆனது என்று நான் என்ன சொல்வேன்? பேஸ்பால் என்றா? கிரிப்டோ என்றா? சொன்னால் அண்ணன் வேலையும் போகும், போலீசும் வரும். அவன் வாக்கிடாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். போனில் ஏழாவது சுற்று முடிந்திருந்தது. நீலத் தொப்பி இரண்டு ரன் எடுத்திருந்தது. சிவப்பின் முதல் மாற்று ஆள் வந்துவிட்டான்.

“அம்மா ஹாஸ்பிடல்” என்றேன்.

வாட்ச்மேன் முகம் மாறிவிட்டது. வாக்கிடாக்கியில் வேகமாகப் பேசினான். எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டான். தண்ணீர் பாட்டில் கொடுத்தான். “டென்ஷன் மத் லேனா, தீதி” என்று அக்காவைத் தேற்றுவதுபோலத் தேற்றினான். நான் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை.

மேலே மஞ்சள் தொப்பிகளுக்கு நடுவே ஒருவன் இறங்குவது தெரிந்தது. ஏணியில் இறங்கவில்லை, குழாயைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு வந்தான். இடுப்பில் கொக்கிகள் ஆடின. கேட்டுக்கு ஓடிவந்தவனின் முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. சிமெண்டுத் தூசி படிந்த முகத்தில் கண்ணிலிருந்து வாய்வரை இரண்டு கோடுகள்.

“பாப்பா, அம்மா இருக்காளா இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“இருக்கு. அம்மாவுக்கு ஒண்ணுமில்லண்ணே. நல்லா இருக்கு. நான்தான் பொய் சொன்னேன்.”

அவன் அப்படியே தரையில் குந்திவிட்டான். தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்து என்னை அடிக்கக் கையை ஓங்கினான். வாட்ச்மேன் இருப்பதைப் பார்த்துக் கையை இறக்கினான்.

“வெளையாடுறியா? மேலேருந்து இறங்குறதுக்குள்ள நான் எத்தன தடவ செத்தேன் தெரியுமா?”

“அண்ணே, நீ எஸ் போட்டுட்ட. நோ போடணும். இப்ப செவப்பு ஜெயிச்சிக்கிட்டு இருக்கான், இப்பவே வித்துட்டா காசு வந்துடும். தோத்துடுவான்ணே. போன எடு.”

“நீதானே எஸ்ஸுன்னு அனுப்பின?”

“நீ எப்படிக் கேட்ட? மாட்டானுங்கதானேன்னு கேட்ட. நான் ஆமான்னு சொன்னேன்.”

அவன் உதடுகள் அசைந்தன. தனக்குள் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்த்தான். எனக்கு அவனை உலுக்கவேண்டும்போல் இருந்தது.

பெட்டிச் சாவி வருகை எழுதும் டைம்கீப்பரிடம் இருந்தது. அம்மா ஹாஸ்பிடல் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அவர் ஓடிவந்து திறந்தார். “ஊருக்குப் பேசு, பேசு” என்று அண்ணன் தோளைத் தட்டினார். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தான். எட்டாவது சுற்று. சிவப்பு ஒரே ஒரு ரன் முன்னால். விலை இன்னும் நாங்கள் வாங்கியதற்கு மேலேதான் இருந்தது.

செயலி விரல் கேட்டது. அண்ணன் கட்டைவிரலை வைத்தான். திறக்கவில்லை. மறுபடி வைத்தான். காலையில் குளித்துவிட்டு வந்த விரலுக்குத் திறந்தது. இரும்புக் குழாயும் கிளாம்பும் பிடித்து, வியர்வையில் ஊறி, சிமெண்டு ஏறிய விரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை. வருடக்கணக்கில் தேய்ந்த கை. ரேகை என்று அதில் அதிகம் மிச்சமில்லை.

“நம்பர் போடு, நம்பர் போட்டும் திறக்கலாம்.”

“நம்பரு அவருதான் வச்சாரு.” மேலே பார்த்தான். ராமநாதபுரத்து அண்ணன் உச்சிச் சாரத்தில் ஒரு மஞ்சள் புள்ளியாக இருந்தார். கத்தினாலும் கேட்காது.

வாட்ச்மேன் கொடுத்த தண்ணீரை அவன் கையில் ஊற்றினேன். என் துப்பட்டாவால் விரலைத் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். சிமெண்டு கரைந்து என் துப்பட்டாவில் சாம்பலாக ஒட்டியது. “அழுத்தி வைக்காதண்ணே, மெதுவா வை.” வைத்தான். திறக்கவில்லை. அடுத்த விரலை நீட்டினான். எங்கள் வீட்டாரின் கட்டைவிரலை மையில் ஒற்றிப் பத்திரத்தில் வைக்கும்போது அதிகாரிகள் பிடிப்பதுபோல நான் அவன் விரலைப் பிடித்து அந்தக் கண்ணாடியில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

என் போன் அதிர்ந்தது. நீலத் தொப்பிக்காரன் ஒருவன் பந்தைப் பார்வையாளர் கூட்டத்துக்குள் அடித்துவிட்டான். ஏற்கெனவே பாதி வழி ஓடி நின்றிருந்த இருவரும் அவனும் சேர்ந்து மூன்று ரன். சிவப்பின் களைத்த மாற்று ஆளைப் பற்றி ஒரு வரி வந்தது. அதில் இருந்ததெல்லாம் நான் அண்ணனுக்கு முன்பே சொன்னதுதான்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் போனில் செயலி திறந்தது.

“தொறந்துடுச்சு பாப்பா! தொறந்துடுச்சு!” அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து என் போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். பிறகு விலையைப் பார்த்தான். எண்கள் அவனுக்கு நன்றாகவே தெரியும்.

விற்றோம். வந்தது என் டாக்ஸிக்கும் வந்திருக்காது. கடைசிச் சுற்றில் சிவப்பால் எழமுடியவில்லை. நான் படித்தது சரி. நான் சொன்னதும் சரி. அதை இன்றும் யார் கேட்டாலும் சொல்வேன். அந்த ஆட்டத்தில் தோற்றவர்கள் சிவப்புத் தொப்பியும் நாங்களும்தான்.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டான். டைம்கீப்பர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதற்காகவும் போட்டிருக்கலாம்.

“என்னடா இந்நேரத்துல? டூட்டிக்குப் போகலியா?” ஸ்பீக்கரில் அம்மாவின் குரல்.

“சும்மாதாம்மா. சாப்புட்டியா?”

“இப்பத்தான் அடுப்பையே மூட்டுறேன். உடம்பு கிடம்பு சரியில்லையா? குரல் ஒரு மாதிரியா இருக்கு.”

“தூசி.” அவன் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அழுதான். சத்தமே வரவில்லை. அம்மா பாட்டுக்கு மறுபக்கம் ஆடு ஒன்று வேலி தாண்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா பேசி முடித்ததும் என்னைப் பார்க்காமல் கேட்டான். “எம்மேல கோவம் இல்லல்ல பாப்பா?”

ஆமா என்பதா, இல்லை என்பதா? இரண்டும் வாய்வரை வந்து நின்றன. “உம்மேல எனக்குக் கோவம் கெடயாதுண்ணே” என்று முழுதாகச் சொன்னேன். அதற்குள் ஃபோர்மேன் விசில் அடித்துவிட்டார். பாதி நாள் கூலி பிடிப்போம் என்றும் சொல்லி அனுப்பினார். அண்ணன் போனைப் பெட்டியில் வைத்துவிட்டு ஏறினான். இந்த முறை ஏணியில், ஒவ்வொரு படியாக.

வெள்ளிக்கிழமை அந்த மலையாளி அழைத்தார். ரசீது இல்லை என்றேன்.  பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: ஹெல்பர் விசாவில் வருவதற்கு உனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லையே?

என் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையில் அந்தக் கெட்டித் தாள் இருந்தது. மறுத்தால் அதையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறவேண்டும். எஸ் என்றும் சொல்லவில்லை, நோ என்றும் சொல்லவில்லை. ஹெல்பர் விசாவில் நான் வேலைக்குச் சேர்கிறேன் என்று இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் சொன்னேன். “நல்ல இங்கிலீஷ்” என்றார் அவர், வருத்தமாக.

முதல் நாள் பான்ட்ரியில், டீ போடும் அறையில், நின்றேன். எனக்கென்று சொல்லியிருந்த மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சர்க்கரை வேண்டாமாம். தட்டில் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணனின் குரல் வந்தது. பின்னால் பஸ் உறுமல், யல்லா சத்தம். சிரிக்க முயன்ற குரல்.

“டீச்சரம்மா, டீ போட்டாச்சா?”

எஸ் என்று தட்டினேன். அழித்தேன். தமிழ் எழுத்துக்கு மாற்றி, அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும் என்று அனுப்பினேன்: போட்டாச்சு.